மஞ்சள் புள்ளி வைத்த பத்து நட்டு

என் மாமனார் வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. கைப்பிடி வைத்த மர நாற்காலி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஓடிப்போய் அதைத் துண்டால் தட்டி மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுவிடுவார்கள். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பார் மாமனார். எழுந்து நின்றுகொண்டு சொல்வார். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், அதே வாசலில் வந்து நின்றால், "எங்கடா தொலைஞ்ச இத்தினி நாளா?" என்பார். அவன் நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பான்.

இரண்டு பேரில் யாருக்கு மரியாதை என்று கேட்டால் எனக்குத்தான். யாருக்கு வயிறு எரிந்தது என்று கேட்டால் அதுவும் எனக்குத்தான்.

அவன் மாமனாரின் சொந்த அக்கா மகன். அப்பா இல்லாத பிள்ளை என்று ஐந்து வயதில் தூக்கிவந்து வளர்த்தார்கள். முறைப்பெண்ணையே கட்டிக்கொண்டு, மத்திகிரி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நானோ விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, என்ஜின் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, போன வருஷம் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன். அவர்கள் வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், என்னோடு மட்டும் தமிழ். நான் உள்ளே நுழைந்ததும் அவர்கள் பேச்சு தமிழுக்கு மாறிவிடும். அதுவும் மரியாதைதான்.

உள்ளூர் மருமகனும் உழுகிற கடாவும் சரி என்று பழமொழி சொல்வார்கள். உழுகிற கடாவைத்தான் வீட்டுக்காரன் தினமும் தடவிக்கொடுப்பான் என்பதை அதைச் சொன்ன மகராசன் கவனிக்கவில்லை.

மாமனாரிடம் ஒரு கார் இருக்கிறது என்பது கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜையன்றுதான் எனக்குத் தெரியும். டிராக்டர், பம்புசெட், கடப்பாரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தபிறகு அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கடைசியில் இருந்த ஷெட்டுக்குப் போனார். முன்பு பட்டுப்புழு வளர்த்த ஷெட். உள்ளே தார்ப்பாய் போர்த்தி ஒன்று கிடந்தது. தார்ப்பாயை விலக்காமலேயே அதன் மூக்குப் பக்கம் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த இடத்தில் வருஷா வருஷம் வைத்த பொட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, ஆணி அடித்ததுபோல் கெட்டியாக நின்றது.

உள்ளே இருந்தது வெளிநாட்டுப் பந்தயக் கார். கூரை கிடையாது. இரண்டே இருக்கை. மாமனார் வாலிபத்தில் அதை ஒரு காபித் தோட்டக்காரரிடமிருந்து வாங்கி, பழைய விமான ஓடுதளங்களில் நடக்கும் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். ஒருமுறை இரண்டாவதாக வந்திருக்கிறார். என் மனைவிக்கு நாலு வயதாகும்போது, அவளை மடியில் வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டிப்போய்ப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். பிள்ளைக்கு நெற்றியில் இரண்டு தையல். "இந்த வண்டி ஓடுற வீட்ல நான் உல வெக்கமாட்டேன்" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். அன்று மாலையே மாமனார் அதை ஷெட்டுக்குள் ஓட்டிப்போய் நிறுத்திக் கதவைச் சாத்தினார். நாற்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. மாமியார் இருந்தவரைக்கும் யாரும் அதன் பேச்சை எடுக்கவில்லை. அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

புதுச் சாலை ஒன்று மாமனாரின் நிலத்தோரமாக வருவதாக முடிவாகி, ஷெட்டை இடிக்க வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, "வண்டிய டோ பண்ணி வெளிய இழுத்துரலாம் மாமா" என்றான் சகலை. மாமனார் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஓட்டிக்கிட்டு உள்ள போனேன்டா. ஓட்டிக்கிட்டுத்தான் வெளிய வருவேன். இல்லாட்டி ஷெட்டோட சேத்து அதையும் இடிச்சுப் போடுங்க."

எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. முப்பத்தைந்து வருஷம் என்ஜின் கம்பெனியில் இருந்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தானே.

"அத நான் பாக்கேன் மாமா" என்றேன்.

"உங்களுக்கு என்னாத்துக்குங்க மாப்பிள்ளை இந்த அழுக்கு? அவன் பாத்துக்குவான். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, போதும்."

உக்காந்து சொல்வதாம். அன்று சோற்றை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுநாள் காலை எட்டு மணிக்கே என் டூல் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஷெட் வாசலில் போய் நின்றேன்.

தார்ப்பாயை விலக்கியபோது எலிப் புழுக்கையும் பழைய பட்டுப்புழு வாடையும் முகத்தில் அடித்தன. கார்புரேட்டர் வாய்க்குள் எலி கூடு கட்டியிருந்தது. இருக்கைப் பஞ்சு முழுக்க அதற்குள் போயிருந்தது. பெட்ரோல் டாங்கின் அடியில் கோந்துபோல் ஒரு கறுப்புப் பிசின். ஆனாலும் என்ஜினைப் பார்த்ததும் குனிந்து அதன்மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தேன். மேலே இரண்டு நீள மூடிகள், அவற்றுக்கு நடுவே பள்ளத்தில் இரண்டு வரிசையாக, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைப் பிடித்திருக்கும் பத்து நட்டு. எங்கள் கம்பெனியில் செய்ததெல்லாம் டெம்போவுக்கும் வேனுக்கும் போகிற என்ஜின். இது வேறு ஜாதி.

என்ஜின் இறுகிக் கிடந்தது. என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கிற முன்பக்கத்து நட்டில் நீளக் கம்பி போட்டு நான் தொங்கினேன். அசையவில்லை. "இன்னும் நீளமான பைப் கொண்டா" என்றேன். சகலை கொண்டுவரவில்லை. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றினான்.

"பிஸ்டன் ரிங் பிடிச்சிருக்குதுண்ணா. பலவந்தம் பண்ணா உடைஞ்சிரும். அதுவா விடட்டும்" என்றான்.

அதுவா விடட்டுமாம். தினமும் காலையில் வருவான், எண்ணெய் ஊற்றுவான், கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஒரு அசைப்பு, போய்விடுவான். நான் பக்கத்தில் நின்று, இது என்ன வைத்தியம் என்று சிரிப்பேன். பதினோராம் நாள், அதே இரண்டு விரல் அசைப்பில், உள்ளே எங்கோ 'களக்' என்று ஒரு சின்னச் சத்தம். கம்பி கால் வட்டம் நகர்ந்தது. மாமனார் அப்போது கதவோரம் நின்றிருந்தார். கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு வந்து, எண்ணெய்க் கையோடு இருந்த அவன் தலையைப் பிடித்து உலுக்கினார். "திருட்டுப் பயலே" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கும் ரொம்ப சிரமங்க மாப்பிள்ளை" என்றார்.

எனக்குச் சிரமமே இல்லை. அதுதானே என் சிரமம்.

ஹெட்டைக் கழற்றி வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தோம். ஹெட்டுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற பழைய கேஸ்கெட் பொடிந்துவிட்டது. அந்த அளவில் புதியது எங்கும் கிடைக்காது. சகலை ஒரு செப்புத் தகடு வாங்கிவந்து, பழையதின் தடத்தை வரைந்து, சின்னக் கத்தரியாலும் அரத்தாலும் தானே ஒன்று வெட்டிவிட்டான். அதைச் சிவக்கச் சூடுகாட்டித் தண்ணீரில் போட்டு எடுத்தபோது, தகடு பட்டுத் துணிபோல் மெத்தென்று ஆகியிருந்தது. நான் பிழை கண்டுபிடிக்கிற கண்ணோடு அரைமணி நேரம் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் ஹெட்டை இறுக்கும் வேலைக்கு அவனிடம் டார்க் ரெஞ்ச் கிடையாது. என்னிடம் இருந்தது. எந்த அளவுக்கு இறுக்க வேண்டுமோ அதில் வைத்தால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும். "இது அண்ணன் வேல" என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். நான் விடுவேனா? ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கம்பெனி முறையை எடுத்துச் சொன்னேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்று; முதல் இரண்டும் லேசாக, மூன்றாவதில்தான் முழு இறுக்கம். மூன்றாவது சுற்று முடிந்ததும் 'டக்' வந்த நட்டுக்கெல்லாம் மஞ்சள் பேனாவால் புள்ளி. "மார்க் விழுந்த நட்டுல அதுக்கப்புறம் எவனும் ஸ்பேனர் வெக்கக்கூடாது. வெச்சா மார்க்குக்கு மரியாதையே இல்ல" என்றேன். அவன் தலையாட்டினான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமனார் வீட்டில் நான் என்ஜின் செய்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. கடைசிப் பதினேழு வருஷம் நான் நின்றது லைனின் கடைசி இடத்தில். எனக்கு முன்னால் மெஷின் நட்டை முறுக்கும், 'டக்' என்று கேட்கும், என் கை புள்ளி வைக்கும். அடுத்த என்ஜின் வரும். 'டக்', புள்ளி. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை புள்ளி வைத்தேன் என்று எனக்கே தெரியாது. முறுக்குகிற வேலை என் கையை விட்டுப் போய்ப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. புள்ளி வைக்கிற வேலை மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது சுற்றில் இருந்தேன். எட்டாவது நட்டு 'டக்' என்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் சகலை கன்னடத்தில் எதையோ சொன்னான். மாமனார் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருக்கிறான் என்று என் காது சுட்டது. கால்நடைப் பண்ணையில் யாரோ ஒருவரை ஒரு கிடேரி துரத்தியதாம், அந்தக் கதை. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் குனிந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்துப் பத்து நட்டுக்கும் பத்துப் புள்ளி வைத்தேன். அழகான புள்ளிகள். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

இடிக்கிறவர்கள் திங்கட்கிழமை ஜே.சி.பி. கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து எலுமிச்சம்பழம் வைத்தோம். என் மனைவியும் அவள் தங்கையும் வந்திருந்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினார். இரண்டு முறை செருமிவிட்டு நின்றுவிட்டது. சகலை கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்தி, "இப்ப மாமா" என்றான். பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன். கம்பெனியில் ஆயிரக்கணக்கான என்ஜின் முதல்முறை உயிர் வருவதைக் கேட்டவன் நான். இதைக் கேட்டு என் கைமயிர் நின்றது. தகரக் கூரை அதிர்ந்து நாற்பத்தைந்து வருஷத் தூசி எங்கள் தலையில் கொட்டியது. மாமனார் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுத் தொட்டு விட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு ஹெட்டின் முன்மூலையிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. தண்ணீர் கசிந்து சூட்டில் பொரிந்தது. சகலை பாய்ந்து சாவியைத் திருப்பினான்.

"என்னாடா பண்ணி வெச்சிருக்கற?" என்று மாமனார் இறங்கினார். "தகரத்த வெட்டி ஒட்ட வெச்சா ஓடறதுக்கு இது என்னா உன் மொபெட்டா? அறிவு இருக்குதாடா உனக்கு? ஹெட்டு வளைஞ்சிருந்தா எங்கடா போறது?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் நின்றேன். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது: இந்த மனுஷன் என்னை ஒருநாளாவது இப்படி உரிமையோடு திட்டியிருக்கிறாரா? திட்டு வாங்குகிறவனைப் பார்த்தும் பொறாமைப்படுகிற ஜென்மம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாராக இருந்தாலும் இந்த மாதிரிக் கசிவுக்கு முதலில் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பார்கள். அது சின்ன மெக்கானிக்குக்கும் தெரியும். அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். மஞ்சள் புள்ளிகளின்மேல் தெறித்திருந்த தண்ணீரைக் கட்டைவிரலால் துடைத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணன் மார்க் பத்தும் சரியா இருக்குது மாமா. என் கேஸ்கெட்டுதான் சதி பண்ணிருச்சு. வேற வெட்டிப் போட்டுர்றேன்."

அப்போதுதான் எனக்கு 'டக்' நினைவுக்கு வந்தது. மனசுக்குள் எண்ணினேன். எட்டாவது 'டக்'குக்குப் பிறகு சிரிப்பு. சிரிப்புக்குப் பிறகு பேனா. ஒன்பதும் பத்தும் எங்கே? அந்த இரண்டு நட்டும் முன்மூலையில்தான் இருந்தன. ஆவி வந்த அதே மூலை.

வாயைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். ரெஞ்சை வைத்து இரண்டு நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் ரெஞ்சை வைத்தால் நட்டு சுற்றும். சுற்றுவதை எல்லோரும் பார்ப்பார்கள். புள்ளி வைத்த நட்டு சுற்றுகிறதே என்று என் மனைவி பார்ப்பாள். "சரி, பாத்துச் செய்" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வெள்ளி போயிற்று. அவன் ஓசூரெல்லாம் அலைந்து செப்புத் தகடு வாங்கி மறுபடியும் வெட்டுகிறானாம். சனிக்கிழமை என் மனைவியிடம் அவள் தங்கை போனில் அழுதாள். மாமனார் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். அவன் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறதாம். "எங்கப்பாவ வண்டியத் தள்ளிக்கிட்டு வர வெச்சுட்டேன்னு ஆயிருமே" என்று அவன் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். எங்கப்பா. மாமா என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையிலும் எனக்குக் குத்தியது.

"உங்க மார்க்கெல்லாம் சரியாத்தான இருக்குது, நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரனும் இல்லை போலிருக்கிறது. மூன்றாம் நாளே எனக்கு மூச்சு முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்க் ரெஞ்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கட்டிக்கொண்டே போனேன். நான் ஷெட் கதவை அடைந்தபோது அவன் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஹெட்டைத் தூக்கினால்தானே புதுக் கேஸ்கெட் போட முடியும். ஒவ்வொரு நட்டும் 'கிரீச்' என்று முரண்டு பிடித்துத்தான் விட்டது. எட்டு நட்டு அப்படி. ஒன்பதாவதில் ஸ்பேனரை வைத்துத் தன் வழக்கப்படி பலம் கொடுத்தான். அது ஊறுகாய் பாட்டில் மூடிபோல் சுலபமாகச் சுற்றியது. நின்றுவிட்டான். பத்தாவதை மெதுவாகத் திருப்பிப் பார்த்தான். அதுவும் அப்படியே.

நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டீ சாப்டீங்களாண்ணா?" என்றான்.

அதற்குள் மாமனார் கைத்தடியோடு வந்துவிட்டார். "என்னாச்சு? எதுல கோளாறுன்னு தெரிஞ்சுதா, இல்ல நாளைக்கு இடிக்கறவங்கிட்ட விட்டுர்றதா?"

"தெரிஞ்சுருச்சு மாமா. கேஸ்கெட்டுல ஒரு ஓரம் மடிஞ்சிருக்குது. எம்மேலதான் தப்பு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுர்றேன்."

ஹெட்டை இன்னும் தூக்கவேயில்லை. மடிப்பை அவன் எங்கே பார்த்தான்? அந்தப் பொய்யை அவன் சொன்ன விதம்தான் என்னைக் கொன்றது. தியாகம் செய்கிற முகமில்லை, எனக்கு உபகாரம் செய்கிற பார்வையில்லை. மூன்று நாளாக அவர் கோபத்தை வாங்குகிறவன், இன்னும் கொஞ்சம் வாங்கினால் என்ன என்று சொல்வதுபோல் இருந்தது. அவர் மனசுக் கணக்கில் அவனுக்கு அவ்வளவு இருப்பு இருந்தது. எனக்கு அங்கே இரண்டு நட்டு அளவுக்குக்கூட இருப்பு இல்லை என்றுதானே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"மடிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ரெண்டு நட்ட நான் முறுக்கல. முறுக்காமலே மார்க் வெச்சுட்டேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். நீங்க இவனத் திட்டும்போது பேசாம நின்னேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். கைத்தடி இரண்டு முறை தரையில் தட்டியது. நான் காத்திருந்தேன். திட்டுக்காகத்தான் காத்திருந்தேன். அவனுக்குக் கொடுத்ததில் பாதி கொடுத்தால்கூடப் போதும், வாங்கிக்கொண்டு இந்த வீட்டுப் பிள்ளையாக நிற்பேன் என்று இருந்தது.

"பரவாயில்லைங்க மாப்பிள்ளை" என்றார் அவர். "யாருக்கும் வர்ற மறதிதான். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு திரும்பி, "டேய், மரம் மாதிரி நிக்கற? அண்ணன் நின்னுக்கிட்டே இருக்கறாரு, கண்ணு தெரியல? போயி நாற்காலி எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அவன் போனான். வீட்டிலிருந்து அந்தக் கைப்பிடி நாற்காலியைத் தோளில் வைத்துத் தோட்டம் முழுக்க நடந்து கொண்டுவந்தான். துண்டால் தட்டி என் பக்கத்தில் போட்டான். "உக்காருங்கண்ணா" என்றான். நான் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது.

மத்தியானத்துக்குமேல் புதுக் கேஸ்கெட்டைப் போட்டு ஹெட்டை இறக்கினோம். மூன்று சுற்றையும் நான்தான் முறுக்கினேன். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு 'டக்'கையும் வாய்விட்டு எண்ணினேன். பத்து வந்தது. பேனாவை அவனிடம் நீட்டினேன். "எனக்கு அதெல்லாம் பழக்கமில்லண்ணா, நீங்களே வைங்க" என்றான். ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தேன். இந்தத் தடவை புள்ளிகள் கோணலாக விழுந்தன.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜே.சி.பி. வந்து வேலியோரம் நின்றது. மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பட்டனை அமுக்கியதும் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஓடவிட்டோம். முன்மூலையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான் சகலை. ஈரம் இல்லை. ஜே.சி.பி. டிரைவர்கூட இறங்கிவந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

வண்டியில் இருப்பது இரண்டு இருக்கை. ஒன்றில் மாமனார். மற்றதில் யார் என்று எனக்குத் தெரியும். நான் ஒதுங்கி, அவனுக்கு வழிவிட்டு நின்றேன். மனசார விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் விட்டேன்.

"மூத்த மாப்பிள்ளை, ஏறுங்க" என்றார் மாமனார்.

"இல்ல மாமா, அவன்…"

"முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. நீங்கதான் ஏறணும்."

ஏறி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷத்தில் அவர் தோளும் என் தோளும் ஒட்டி நாங்கள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். வண்டி உறுமிக்கொண்டு ஷெட்டைவிட்டு வெளியே வந்தது. வெயில் முகத்தில் அடித்தது. என் மனைவி நெற்றித் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு கூச்சல். சகலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே, புழுதியில் செருப்பில்லாமல் ஓடிவந்தான். நாற்பத்தாறு வயது ஆளா அவன்?

"டேய், விழுந்து தொலையாதடா நாயே" என்று மாமனார் கத்தினார். சிரித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு கத்தினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு தடவையாவது திரும்புவார் என்று தார் ரோடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில், பின்னால் ஓடி வருகிறவனைத்தான் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.